நீளமான போலிஷ் சொற்களை எங்கே பிரிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போலந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வருகிற தமிழர்கள் முதலில் திகைத்து நிற்பது பெயர்ப்பலகைகள் முன்புதான். ஒரு சொல்லைத் தொடங்கினால் முடிப்பதற்குள் மூச்சு முட்டும். நடுவில் உயிரெழுத்தையே காணோம் என்று தோன்றும். உண்மையில் இந்த மொழியின் நீண்ட சொற்கள் மிக ஒழுங்காகப் பிரிபவை. மூன்று வேறு பிரிப்புகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் சிக்கல். வாய் ஒரு விதமாகப் பிரிக்கும், அது அசை. பொருள் இன்னொரு விதமாகப் பிரிக்கும்; அது பகுதி, விகுதி. அச்சுக்கோப்பவர் வரி முடிவில் சிறுகோடு போட்டுப் பிரிப்பது மூன்றாவது. இவை சில இடங்களில் ஒத்துப்போகும், பல இடங்களில் ஒத்துப்போகாது. எந்தக் கேள்விக்கு எந்தப் பிரிப்பு என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

இங்கே தமிழில் எழுதியிருக்கும் போலிஷ் சொற்களை எப்படி வாசிப்பது?

'ச' வரும் இடமெல்லாம் 'பச்சை'யில் வரும் ச. 'ஸ' இரண்டு ஒலிகளுக்கும் பொது: எஸ், இசட். ஷ, ஜ இரண்டிலும் போலிஷில் அழுத்தமான வகை, மென்மையான வகை என்று உண்டு. தமிழ் எழுத்தில் அதைக் காட்ட வழியில்லை. குறில், நெடில் வேறுபாடு போலிஷில் கிடையாது, எல்லா உயிரும் ஏறக்குறைய ஒரே அளவு. நான் 'கா', 'கோ' என்று நீட்டி எழுதியிருப்பது கண்ணுக்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான். குறுக்கே கோடு போட்ட எல் எழுத்து நம் 'வ்' போல ஒலிக்கும். தலையில் கோடு போட்ட என் எழுத்து ஏறக்குறைய நம் ஞ். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இந்த ஞ்-க்காகப் படும் பாடு நமக்கு இல்லை.

ஒரு சொல்லில் எத்தனை அசை என்று எப்படி எண்ணுவது?

உயிரொலிகளை எண்ணுங்கள். அவ்வளவுதான். போலிஷ் நெடுங்கணக்கில் 32 எழுத்துகள். அவற்றில் ஒன்பது உயிர்: ஏ, வால் வைத்த ஏ, ஈ, வால் வைத்த ஈ, ஐ, ஓ, கோடு போட்ட ஓ, யு, ஒய். (ஆங்கிலப் பெயர்களில் சொல்கிறேன்.) ஒய் போலிஷில் எப்போதும் உயிர்தான். சொல்லில் எத்தனை உயிர் ஒலிக்கிறதோ அத்தனை அசை. மெய் எத்தனை வந்தாலும் கணக்கில் சேராது.

லூப்ளின் மாகாணத்தில் 'ஷ்செப்ஜெஷின்' என்று ஓர் ஊர். அதைப் போலிஷ் எழுத்தில் எழுதினால் 13 எழுத்து. எஸ், இசட், சி, இசட், ஈ, பி, ஆர், இசட், ஈ, எஸ், இசட், ஒய், என். கண்ணுக்குக் காடு போல இருக்கும். ஆனால் எஸ்-இசட் சேர்ந்து ஒரே ஒலி, சி-இசட் சேர்ந்து ஒரே ஒலி, ஆர்-இசட் சேர்ந்து ஒரே ஒலி. பதின்மூன்று எழுத்து ஒன்பது ஒலியாகச் சுருங்கிவிடும். அதில் உயிர் மூன்று: ஷ்செ-ப்ஜெ-ஷின். மூன்று அசை, 'சென்னை'யைவிட ஒன்று அதிகம். போலிஷ்காரர்களே நாக்குப் பயிற்சிக்கு இந்த ஊரைத்தான் இழுப்பார்கள்; ஊர்க்காரர்களும் சலிக்காமல் அங்கே ஒரு வண்டுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள், அந்த நாக்குச் சுழற்றியில் வரும் வண்டுக்கு.

பக்கத்து நாட்டுச் செக் மொழி தெரிந்தவர்கள் இங்கே ஏமாறுவார்கள். செக்கில் எல், ஆர் இரண்டும் உயிர் இல்லாமலே தனி அசையாக நிற்கும். போலிஷில் நிற்காது. ஆப்பிளுக்குச் செக்கில் மூன்று அசை. ஏறக்குறைய அதே எழுத்துகளில் எழுதும் போலிஷ் சொல்லுக்கு இரண்டே அசை. பேச்சில் அது 'யப்-கோ'. நடுவில் இருக்கும் கோடு போட்ட எல்லை யாரும் ஒலிப்பதில்லை.

இந்த 'அசை' நம் யாப்பில் வரும் அசைதானா?

இல்லை. யாப்பில் 'வரு' என்பது நிரை, ஒரே அசை. இங்கே சொல்லும் கணக்கில் அது இரண்டு. இந்தப் பக்கத்தில் அசை என்றால் ஓர் உயிரும் அதைச் சுற்றி நிற்கும் மெய்களும் மட்டுமே. நேர், நிரை பழக்கத்தோடு எண்ணினால் கணக்கு உதைக்கும்.

ஐ எழுத்து சில சமயம் எண்ணப்படுகிறது, சில சமயம் எண்ணப்படுவதில்லை. ஏன்?

ஐ எழுத்துக்கு இரண்டு வேலை. பின்னால் மெய் வந்தால் அது உயிர். பின்னால் வேறு உயிர் வந்தால் முன்னால் இருக்கும் மெய்யை மென்மையாக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். குளிர்காலத்துக்கு 'ஜிமா' மாதிரி ஒலிக்கும் சொல். அதில் ஐ உயிர், இரண்டு அசை. நிலத்துக்கு 'ஜெம்யா', எழுதும்போது அதில் நான்கு உயிரெழுத்து தெரியும், ஆனால் இரண்டு ஐ-யும் வெறும் மென்மைக் குறிகள். அதுவும் இரண்டு அசைதான்.

யு எழுத்திலும் இப்படி ஒரு பொறி உண்டு. எழுத்தாளரைக் குறிக்கும் 'அவ்-தோர்' இரண்டு அசை, அங்கே ஏ-யு ஒட்டிக்கொண்டது. கல்வி, அறிவியல் என்ற பொருளில் வரும் 'ந-உ-கா' மூன்று அசை. அங்கே 'ந' முன்னொட்டு, 'உ' வேர்ப்பகுதியின் முதல் எழுத்து, அதனால் ஒட்டாது. ஆசிரியர் 'ந-உ-சி-செல்', நான்கு. புதிதாக வந்தவர்கள் பலர் இதை 'நவ்' என்று சுருக்கிவிடுகிறார்கள். வகுப்பில் முதல் நாளே தேவைப்படுகிற சொல், கவனித்துப் பழகினால் நல்லது.

போலிஷின் மிக நீளமான சொல் என்று ஒன்றைக் காட்டுகிறார்களே, அது எப்படிப் பிரியும்?

'கொன்ஸ்தன்தினொபொலிதாஞ்சிகொவ்யானெச்கா'. போலிஷ் எழுத்தில் 32 எழுத்து. வழக்கமாகச் சொல்லும் பொருள்: கான்ஸ்டான்டினோபிள்காரர் ஒருவரின் செல்லக் குட்டி மகள். நாக்கைச் சோதிக்கவென்றே இருக்கும் விளையாட்டுச் சொல். ஆனாலும் பாடம் நடத்த இதைவிட நல்ல உடல் கிடைக்காது.

வாய் பிரிப்பது இப்படி: கொன்-ஸ்தன்-தி-னொ-பொ-லி-தாஞ்-சி-கொ-வ்யா-னெச்-கா. பன்னிரண்டு அசை. ஊன்றிச் சொல்ல வேண்டியது கடைசிக்கு முந்தைய 'னெச்'.

பொருள் பிரிப்பது வேறு மாதிரி. முதலில் ஊர்ப்பெயர், கொன்ஸ்தன்தினொபொல். அதற்குள்ளேயே கான்ஸ்டன்டைன் என்ற பேரரசரின் பெயரும் நகரம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லும் இருக்கின்றன. அடுத்து 'இத்' என்ற இணைப்பு. அதன் பின் 'ஆஞ்சிக்', ஓர் இடத்துக்காரர் என்று காட்டும் விகுதி. இந்த இரண்டும் இந்த ஒரு சொல்லுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. இத்தாலியின் நேப்பிள்ஸ் போலிஷில் 'நெயாபொல்'. அந்த ஊர்க்காரர் 'நெயாபொலிதாஞ்சிக்'. அதே அச்சு. பிறகு 'ஒவ்', 'யான்' என்று இரண்டு ஒட்டு. இன்னாரைச் சேர்ந்த என்கிற உறவை இவை கொண்டுவருகின்றன. கடைசியில் 'எச்கா', இது பெண்பாலும் செல்லமும் ஒன்றாகச் சேர்ந்தது. மகள் 'ட்ஸுர்கா' என்றால் குட்டி மகள் 'ட்ஸுரெச்கா' ஆவது இதே வழியில்தான். 'கா' விகுதியின் ககரம் சகரமாகத் திரிந்து, முன்னால் ஓர் எகரம் நுழைந்து, பின்னால் இன்னொரு 'கா' ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு பிரிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொருள் கணக்கில் 'பொல்' தனி, 'இத்' தனி. வாய்க்கணக்கில் 'பொ' தனி, 'லி' தனி. ஈற்று மெய்யின்மேல் அடுத்து வரும் உயிர் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. தமிழ்ப் புணர்ச்சியில் வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் யாராவது பேசுகிறார்களா?

அந்த 32 எழுத்தை யாரும் பேசுவதில்லை. அதைவிட நீளமாக வேண்டுமென்றால் எண்ணைப் பிடித்துக்கொண்டு கட்டலாம். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது தேசிய இனங்களைக் கொண்ட என்று ஒரு பெயரடை செய்து ஐம்பது எழுத்துக்கு மேல் இழுத்துக் காட்டுவார்கள். போலிஷில் எண் தனியாக வந்தால் சொல் சொல்லாகப் பிரித்து எழுதுவது வழக்கம். அது பெயரடைக்கு முன்னொட்டாகும்போது எல்லாம் ஒட்டிவிடும். அந்த விதியைக் கடைசிவரை இழுத்தால் இப்படித்தான் ஆகும். வேடிக்கைதான், மொழி அதில் இல்லை.

உண்மையாகவே புழங்கும் நீண்ட சொற்கள் வேறு. பையில் கிடக்கும் சில்லறையைப் பாருங்கள். ஐம்பது க்ரோஷ் நாணயத்துக்குப் பெயர் 'ப்யெஞ்ச்ஜெஷெஞ்சொக்ரொஷுஃப்கா'. எழுத்து 23, அசை ஏழு: ப்யெஞ்ச்-ஜெ-ஷெஞ்-சொ-க்ரொ-ஷுஃப்-கா. 'ப்யெஞ்ச்' ஐந்து, 'ஜெஷெஞ்சொ' பத்து, 'க்ரொஷ்' நாணயம், 'உஃப்கா' பொருளின் பெயராக்கும் விகுதி. வேகமாகப் பேசும்போது முதல் அசையின் இறுதிச் சகரம் உதிர்ந்து 'ப்யெஞ்-ஜெ' என்றே கேட்கும். வெள்ளி விழாவுக்கு 'த்வு-ஜெ-ஸ்தொ-ப்யெஞ்-சொ-லெ-செ', இருபத்தைந்து ஆண்டு நிறைவு, அதுவும் ஏழு அசை.

எனக்கு மிகப் பிடித்தது 'நய்ஞெபெஸ்ப்யெச்ஞெய்ஷி'. மிக ஆபத்தான என்று பொருள். இதை உள்ளிருந்து வெளியே பிரித்துப் பாருங்கள். நடுவில் 'ப்யெச்', கவலை அல்லது கவனிப்பு. முன்னால் 'பெஸ்', இல்லாமல். கவலை இல்லாதது என்றால் பாதுகாப்பானது. 'பெஸ்ப்யெச்னி' என்றால் அதுதான். அதற்கு முன் 'ஞெ', எதிர்மறை. பாதுகாப்பற்றது, அதாவது ஆபத்தானது. பின்னால் 'ஞெய்ஷ்', ஒப்பீட்டுப் பொருளில் இன்னும் அதிகம். அதற்கும் முன்னால் 'நய்', எல்லாவற்றையும்விட. கடைசி 'இ' பால், எண், வேற்றுமை மூன்றையும் ஒரே ஓர் எழுத்தில் காட்டும். கவலை என்று தொடங்கி இரண்டு முறை புரண்டு மறுபடி கவலைப்பட வேண்டிய இடத்துக்கே வந்து சேர்ந்துவிடும் சொல். அசை ஆறு: நய்-ஞெ-பெஸ்-ப்யெச்-ஞெய்-ஷி. இங்கே அசைப் பிரிப்பும் பொருள் பிரிப்பும் முன்பாதியில் கச்சிதமாக ஒத்துப்போகின்றன, பின்பாதியில் விலகுகின்றன.

அலுவலகக் கடிதங்களில் வரும் இன்னொன்று 'ஃப்ஸ்புவ்ஒத்பொவ்யெஜால்நொஷ்ச்', கூட்டுப் பொறுப்பு. 21 எழுத்து, ஆறு அசை. 'ஃப்ஸ்புவ்' சேர்ந்து, நடுப்பகுதி பதில் சொல்வது என்ற வினையிலிருந்து வந்தது, 'நொஷ்ச்' நம் 'மை' போல பண்புப் பெயராக்குவது. பதில் சொல்ல வேண்டியவர் பொறுப்பாளர் என்பது அங்கேயும் இங்கேயும் ஒரே நியாயம்.

அப்படியானால் போலிஷும் தமிழைப் போல ஒட்டுநிலை மொழியா?

இல்லை. பார்க்க அப்படித் தோன்றும், அவ்வளவுதான். தமிழில் 'வீடுகளில்' என்றால் 'கள்' பன்மை, 'இல்' வேற்றுமை, தனித்தனியாகக் கழற்றலாம். போலிஷில் பன்மையும் வேற்றுமையும் பாலும் ஒரே விகுதியில் உருகிக் கலந்திருக்கும், கழற்ற முடியாது. இரண்டாவது வேறுபாடு, போலிஷ் முன்னாலும் ஒட்டும். நாம் பெரும்பாலும் பின்னால் மட்டுமே ஒட்டுவோம்.

ஆனால் பகுபத உறுப்புகளைப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. இரண்டு சொல்லை இணைக்கும்போது நடுவில் வரும் 'ஒ' பொருள் எதுவும் இல்லாமல் வருவது. அதைச் சாரியை போல நினைத்துக்கொள்ளலாம். எழுத்து மாறினால் விகாரம். இந்தக் கண்ணோட்டத்தோடு போனால் போலிஷ் இலக்கணப் புத்தகத்தின் அட்டவணைகள் பாதி தேவைப்படாது.

சொல்லின் வேரே மாறிவிடுகிறதே, பிறகு எப்படி அடையாளம் காண்பது?

நகரம் 'மியாஸ்தோ'. நகரத்தில் என்றால் 'மியெஷ்செ'. ஆகாரம் எகரமாகிவிட்டது, 'ஸ்த்' 'ஷ்ச்' ஆகிவிட்டது, மிச்சம் இருப்பது முதல் எழுத்து மட்டும். கை 'ரெங்கா', கையால் செய்த என்றால் 'ரெஞ்ச்னி'. கா, சா மாற்றம் மொழி முழுக்க உண்டு. க, ச ஆவதும், க (ஜி எழுத்து), ஜ ஆவதும், த, ச ஆவதும் விகுதியின் முதல் உயிரைப் பொறுத்து நடப்பவை. பட்டியல் நீளம்தான், ஆனால் மூடிய பட்டியல். அகராதியில் தேடும்போது கடைசி அசையைக் கழற்றிவிட்டு, இறுதி மெய்யை அதன் ஜோடியாக மாற்றித் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

ஒரே சொல்லாக எழுதியிருக்கும் சில பெயர்கள் நடுவிலும் மாறுகின்றன. அது என்ன?

வடகிழக்கில் ப்யாவிஸ்தோக் என்ற நகரம். 'ப்யாவி' வெள்ளை, 'ஸ்தோக்' சரிவு அல்லது ஓடை என்ற பழைய பொருளில். ஒட்டி எழுதினாலும் பெயரடை இன்னும் பெயரடையாகவே உணரப்படுகிறது. அதனால் அந்நகரத்தின் என்று சொல்ல 'ப்யாவெகொஸ்தோகு', அந்நகரத்தில் என்று சொல்ல 'ப்யாவிம்ஸ்தோகு'. ஒரே சொல்லுக்குள் இரண்டு இடத்தில் விகுதி! ரயில் நிலையத்தில் அறிவிப்பைக் கேட்டு, நம் ஊர் இல்லை என்று நின்றுவிட வாய்ப்பிருக்கும் இடம் இது.

நாட்டின் அதிகாரப்பூர்வப் பெயரிலும் இதே கூத்து உண்டு. 'ஜெச்பொஸ்பொலிதா', குடியரசு. 'ஜெச்' விஷயம், 'பொஸ்பொலிதா' பொதுவான. லத்தீனில் குடியரசுக்கு இருக்கும் சொல்லை அப்படியே பெயர்த்தது. வேற்றுமை ஏற்கும்போது முன்பகுதியையும் மாற்றி எழுதலாம், மாற்றாமலும் எழுதலாம், இரண்டும் சரி. அரசு ஆவணங்களில் மாற்றி எழுதுவதைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

இவ்வளவு மெய் எங்கிருந்து வந்து குவிந்தது?

உயிர்கள் உதிர்ந்ததால். பழைய ஸ்லாவிய மொழியில் அசைகள் பெரும்பாலும் உயிரில்தான் முடிந்தன. அதில் மிகக் குறுகி ஒலித்த இரண்டு உயிர்கள் இருந்தன, நம் குற்றியலுகரம்போல நலிந்தவை. காலப்போக்கில் சொல்லின் கடைசியிலிருந்து எண்ணி ஒன்றுவிட்டு ஒன்று உதிர்ந்தன. எஞ்சியவை எகரமாக உரம் பெற்றன. நாய் 'ப்யெஸ்', நாயின் 'ப்ஸா'. முதலாவதில் நலிந்த உயிர் எகரமாகப் பிழைத்தது, இரண்டாவதில் அதே உயிர் போய்விட்டது. தூக்கம் 'ஸென்', தூக்கத்தின் 'ஸ்னு'. இப்படி உயிர் போன இடங்களில் முன்பு தனித்தனி அசையில் இருந்த மெய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக்கொண்டன.

இரக்கமற்ற என்று பொருள்படும் 'பெஸ்வ்ஸ்க்லெத்னி'யில் முதல் எகரத்துக்கும் அடுத்த உயிருக்கும் நடுவே ஐந்து மெய். ஆனால் அவை இரண்டு துண்டுகளின் மெய்கள்: 'பெஸ்' இல்லாமல், 'வ்ஸ்க்லெத்' கருதுதல். துண்டு எங்கே முடிகிறது என்று தெரிந்தால் ஐந்து மெய் ஒன்றும் நான்குமாகப் பிரிந்து வாய்க்குள் அடங்கும். புல்லின் ஒரு தாளைக் குறிக்கும் சொல்லில் ஆறு எழுத்து, ஐந்து மெய்யெழுத்து, ஒரே உயிர், ஒரே அசை. அதற்கு இந்த உதவியும் கிடையாது. பயிற்சிதான்.

எந்த அசையை ஊன்றிச் சொல்ல வேண்டும்?

கடைசிக்கு முந்தையதை. சொல் நீள நீள ஊன்றல் பின்னால் நகர்ந்துகொண்டே போகும். விகுதி ஓர் அசை கூடினால் ஊன்றலும் ஓர் அசை நகரும்.

விலக்குகள் உண்டு, அவையும் ஒழுங்கானவையே. கிரேக்கம், லத்தீன் வழி வந்த 'மதெமாதிகா', 'ஃபிஸிகா' போன்றவற்றில் கடைசியிலிருந்து மூன்றாவது: ம-தெ-மா-தி-கா. பல்கலைக்கழகம் 'உ-னி-வெர்-ஸி-தெத்' என்பதில் 'வெர்'. ஆனால் அதன் வேற்றுமை வடிவம் 'உ-னி-வெர்-ஸி-தெ-து' வந்ததும் பழைய வழக்கத்துக்கே திரும்பி 'தெ'யில் ஊன்றல். நானூறு, எழுநூறு, எண்ணூறு, தொள்ளாயிரம் ஆகியவையும் விலக்கு.

வினைச்சொல்லில் வரும் விலக்குதான் சுவையானது. நாங்கள் செய்தோம் 'ஸ்ரொ-பி-லிஷ்-மி', ஊன்றல் 'பி'யில், கடைசியிலிருந்து மூன்றாவது. ஏனென்றால் 'ஷ்மி' ஒரு காலத்தில் தனிச் சொல். இன்றும் அது வினையிலிருந்து கழன்று 'நாங்கள்' என்ற சொல்லின் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளலாம்: 'மிஷ்மி ஸ்ரொபிலி'. ஊன்றல் கணக்கில் அந்தத் துண்டைச் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். நிபந்தனை வடிவத்தில் இன்னொரு துண்டும் சேரும்: நாங்கள் போயிருப்போம் 'பொ-யெ-ஹா-லி-பிஷ்-மி', ஊன்றல் 'ஹா'வில், கடைசியிலிருந்து நான்காவது. பேச்சில் பலர் இதையெல்லாம் கடைசிக்கு முந்தையதாக்கிவிடுகிறார்கள், வீட்டில் யாரும் கண்டுகொள்வதில்லை. தேர்வுக்குப் போகிறவர்கள் விதிப்படி சொல்வது நல்லது.

புதிய நீண்ட சொல்லை வாய்க்குப் பழக்க எந்த வழி?

கடைசியிலிருந்து தொடங்குங்கள். கா. னெச்கா. வ்யானெச்கா. கொவ்யானெச்கா. இப்படி முன்னால் ஒவ்வோர் அசையாகக் கூட்டிக்கொண்டே போனால் ஊன்றல் விழும் இடம் முதலிலிருந்தே சரியாக நிற்கும். முன்னாலிருந்து போனால் ஒவ்வோர் அசை கூடும்போதும் ஊன்றல் இடம் மாறி, கடைசியில் எங்காவது வைத்துவிடுவோம்.

வரி முடிவில் சொல்லை உடைக்க என்ன விதி?

இங்கே அச்சுக்கோப்பவரின் கணக்கு. ஒரே அசைச் சொல்லை உடைக்கக் கூடாது. உயிர் இல்லாத துண்டைத் தனியாக விடக் கூடாது. ஒரே ஓர் எழுத்தை வரியின் இறுதியில் தனியாக நிறுத்துவதையும் அச்சு நடைமுறையில் தவிர்ப்பார்கள். இரட்டித்த மெய்யை நடுவில் உடைக்கலாம். மென்மைக்குறியாக வரும் ஐ-யை அடுத்த உயிரிலிருந்து பிரிக்கக் கூடாது.

நடுவில் மெய்கள் குவிந்திருந்தால்? இங்கே விதி நாம் எதிர்பார்ப்பதைவிடத் தாராளம். சகோதரி என்ற சொல்லை 'ஷொ-ஸ்த்ரா', 'ஷொஸ்-த்ரா', 'ஷொஸ்த்-ரா' என்று எங்கே வேண்டுமானாலும் உடைக்கலாம், மூன்றும் சரி. எது சரியான அசை எல்லை என்று இரண்டு போலிஷ்காரர்கள் சண்டை போட்டால் இருவருமே சரியாக இருக்க வாய்ப்புண்டு. ஆனால் முன்னொட்டு தெளிவாகத் தெரியும் சொல்லில் இந்தச் சுதந்திரம் இல்லை. முன்னொட்டின் எல்லையில்தான் உடைக்க வேண்டும். 'பெஸ்' என்று தொடங்கும் அந்த இரக்கமற்ற சொல்லை முதலில் 'பெஸ்'ஸுக்குப் பின்தான் உடைக்க வேண்டும்.

எஸ்-இசட், சி-இசட் போன்ற ஜோடிகளை ஒருபோதும் உடைக்கக் கூடாதா?

ஒரே ஒலியைக் குறித்தால் கூடாது. சிக்கல் என்னவென்றால், அதே இரண்டு எழுத்து சில சொற்களில் தற்செயலாகப் பக்கத்தில் வந்து நிற்கும். பி, ஓ, டி, இசட், ஐ என்று தொடங்கும் இரண்டு சொற்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று நிலத்தடியிலான என்ற பொருள். அங்கே 'பொத்' (கீழே) என்பது முன்னொட்டு, நிலம் என்பதன் இசட் அடுத்த துண்டின் முதல் எழுத்து. டி-க்கும் இசட்-க்கும் நடுவே உடைக்க வேண்டும், இரண்டையும் தனித்தனியாக ஒலிக்கவும் வேண்டும். மற்றொன்று 'பொ-ஜாவ்', பிரிப்பு என்றே பொருள். அங்கே முன்னொட்டு 'பொ' மட்டும். டி-இசட்-ஐ சேர்ந்து ஒரே 'ஜ'. உடைத்தால் தப்பு.

ஆர்-இசட் ஜோடியிலும் இதே கதை. கனவு 'ம-ஜெ-ஞெ', அங்கே ஆர்-இசட் ஒரே ஒலி. குளிரில் உறைதல் 'மர்-ஸ்னொஞ்ச்', அங்கே ஆர் தனி, இசட் தனி. எழுத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. சொல்லின் கட்டமைப்பு தெரிந்திருக்க வேண்டும், அல்லது யாராவது சொல்லிக் கேட்டிருக்க வேண்டும்.

ஏற்கெனவே சிறுகோடு உள்ள சொல் வரி முடிவில் உடைந்தால்?

கோட்டை இரண்டு முறை போடுவார்கள். கொடியின் நிறத்தைச் சொல்லும் 'ப்யாவொ-செர்வொனி' (வெள்ளை-சிவப்பு) கோட்டில் உடைந்தால் மேல் வரியின் இறுதியில் ஒரு கோடு, கீழ் வரியின் தொடக்கத்தில் இன்னொரு கோடு. இல்லாவிட்டால் அந்தக் கோடு சொல்லுக்குச் சொந்தமா, வரி முடிந்ததால் வந்ததா என்று தெரியாது. அது தெரிய வேண்டியதும் அவசியம்: கோட்டோடு மஞ்சள்-சிவப்பு என்றால் இரண்டு நிறமும் தனித்தனியாக இருக்கின்றன, கோடு இல்லாமல் ஒட்டி எழுதினால் மஞ்சள் கலந்த சிவப்பு.

ஓர் எழுத்துச் சொற்கள் தனி அசையா?

'வ்' (இல், உள்ளே), 'ஸ்' (உடன், இருந்து) இரண்டுக்கும் உயிரே இல்லை, ஆகவே அசையும் இல்லை. அடுத்த சொல்லோடு ஒட்டித்தான் ஒலிக்கும். க்ராகுஃப் நகரில் என்பது 'ஃப்க்ர-கொ-வ்யெ', மூன்றே அசை. ஒட்டினால் வாய் தாங்காது என்ற இடத்தில் எகரம் வந்து கைகொடுக்கும்: வ்ரோட்ஸ்வாஃப் நகரில் என்றால் 'வெ'. ஓர் எழுத்துச் சொற்களை வரியின் கடைசியில் தனியாகத் தொங்கவிடுவது போலிஷ் அச்சில் அழகில்லை. அவற்றை அநாதைகள் என்று செல்லமாகச் சொல்வார்கள். விண்ணப்பமோ ஆய்வேடோ போலிஷில் கொடுப்பவர்கள் அங்கே உடையாத இடைவெளி போட்டுவிட்டால் படிப்பவர் முகம் மலரும்.

குடும்பப் பெயர்களுக்கும் இதே கணக்கா?

ஆம், அவை இன்னும் எளிது. 'ஸ்கி', 'ஸ்கா' என்று முடிபவை பெயரடைகள். கணவர் 'ஸ்கி', மனைவி 'ஸ்கா'. 1867-இல் வார்சாவில் பிறந்த மேரி கியூரியின் பிறந்த வீட்டுப் பெயர் ஸ்க்வொ-தொஃப்-ஸ்கா, மூன்று அசை. வொய்-செ-ஹொஃப்-ஸ்கி என்பதில் 'வொய்செஹ்' ஆளின் பெயர், 'ஒவ்' உடைமை, 'ஸ்கி' பெயரடை விகுதி.

அசை எண்ணிக்கை கவிதையில் பயன்படுகிறதா?

நிறைய. போலிஷ் மரபுக் கவிதையின் முதுகெலும்பே வரிக்கு இத்தனை அசை என்ற கணக்குதான். 1834-இல் பாரிஸில் வெளியான மிட்ஸ்கியேவிச்சின் பெருங்காப்பியம் 'பான் ததேயுஷ்' 13 அசை வரிகளால் ஆனது, ஏழாவது அசைக்குப் பின் ஒரு நிறுத்தம். அந்த யாப்பின் பெயரே நல்ல பயிற்சிச் சொல்: 'த்ஷி-நா-ஸ்தொ-ஸ்க்வொ-ஸ்கொ-வ்யெட்ஸ்'. பதின்மூன்று, ஒலித்துண்டு, பெயராக்கும் விகுதி. 20 எழுத்து, ஆறு அசை.

2026-இல் எழுத்து விதிகள் மாறிவிட்டனவாமே, நீண்ட சொற்களுக்கு ஏதாவது பாதிப்பு உண்டா?

கொஞ்சம். போலிஷ் மொழி மன்றம் 2024 மே மாதம் அறிவித்த மாற்றங்கள் 2026 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளன. அசைப் பிரிப்பை அவை தொடவில்லை. ஆனால் எதிர்மறை 'ஞெ' இப்போது ஒப்பீட்டு வடிவங்களோடும் ஒட்டியே எழுதப்படும். இவ்வளவு நாள் தனியாக நின்றது ஒட்டிக்கொள்வதால் 'ஞெநய்மில்ஷி' (மிக இனிமையானதல்லாத) போன்ற சொற்கள் கண்ணுக்கு நீண்டுவிட்டன. இன்னொன்று, ஊர்க்காரர்களைக் குறிக்கும் சொற்கள் இனிப் பெரிய எழுத்தில் தொடங்கும். வார்சாக்காரர், க்ராகுஃப்காரர் எல்லோருக்கும் இந்த மரியாதை கிடைத்திருக்கிறது. முன்பு அவை சின்ன எழுத்தில்தான் இருந்தன. 2025 வரை அச்சான புத்தகத்தில் அப்படிப் பார்த்தால் பிழை என்று பேனாவை எடுக்க வேண்டாம்.